மாடிஃபை செய்த கேமரா என்று நம்பி 52 ஆயிரம் கொடுத்தேன்

நெபுலா (விண்வெளியில் உள்ள வாயு, தூசு மேகம்) படம் எடுக்க செகண்ட் ஹேண்ட் கேமரா தேடிக்கொண்டிருந்தால், பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

நவம்பரில் ஒரு பழைய கேனான் 6டி வாங்கினேன். "ஆஸ்ட்ரோவுக்குன்னே மாடிஃபை பண்ணது சார், சாதா கேமராவைவிட நாலு மடங்கு சென்சிட்டிவ்" என்றார் விற்றவர். பாடிக்கு 38, மாடிஃபை செய்த கூலி 14, மொத்தம் 52 ஆயிரம்.

சென்சாருக்கு முன்னால் கம்பெனியே ஒரு ஃபில்டர் வைத்திருக்கும். அகச்சிவப்பைத் தடுக்கத்தான் அது. ஆனால் ஹைட்ரஜன் நெபுலாக்கள் ஒளிரும் 656.3 நானோமீட்டர் சிவப்பிலும் முக்கால்வாசியை விழுங்கிவிடும். அதைக் கழற்றி, அந்தச் சிவப்பை விடும் வேறு ஃபில்டர் போடுவதுதான் மாடிஃபை. சென்சார் அதேதான். கூடுவது அந்தச் சிவப்பு மட்டும்தான்.

அவர் காட்டிய முதல் ஆதாரம் டிவி ரிமோட். ரிமோட் விடுவது அகச்சிவப்பு. பட்டனை அழுத்தியதும் கேமராவின் லைவ் வியூ திரையில் ஊதாப் புள்ளி மின்னியது. எனக்கு அதுவே போதுமாக இருந்தது. ஃபில்டரைத் தொடாத கேமராவிலும் ரிமோட் வெளிச்சம் கொஞ்சம் கசியும் என்று அப்போது தெரியாது. இரண்டாவது, ஐஎஸ்ஓ 1,02,400 வரை போகும் என்ற பெருமை. எந்த 6டியும் போகும்! ஐஎஸ்ஓ என்பது ரேடியோ வால்யூம் மாதிரி. திருகினால் சத்தம் கூடும், ஸ்டேஷனில் பாடுகிறவர் உரக்கப் பாடமாட்டார்.

கார்த்திகைக் கூட்டம் எடுத்தேன், ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்தை எடுத்தேன், நன்றாகவே வந்தது. வராமல் என்ன? கார்த்திகையைச் சுற்றியுள்ளது நட்சத்திர ஒளியைத் திருப்பி அனுப்பும் நீலத் தூசு. அதற்கு எந்த மாடிஃபையும் வேண்டாம். இரண்டு மாதம் இப்படியே போய்விட்டது.

ஜனவரி அமாவாசைக்கு ஜவ்வாது மலைக்குப் போனோம். எங்கள் குழுவில் மூத்த அண்ணன் ஒருவரிடமும் 6டிதான், நிஜமாகவே மாடிஃபை செய்தது. ஒரே 135 எம்எம் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, எஃப் 2.8, ஐஎஸ்ஓ 1600, 60 நொடி என்று, ஹைட்ரஜன் சிவப்பில் ஒளிரும் ரோசெட் நெபுலாவை இரண்டிலும் எடுத்தோம். அவர் திரையில் சிவப்பு வளையம். என் திரையில் நட்சத்திரங்கள் அவ்வளவும் இருந்தன, நடுவில் சாம்பல் கறை மாதிரி ஏதோ ஒன்று. மறுநாள் அண்ணன் ரா ஃபைல்களில் (கேமரா மெருகேற்றாமல் சேமிக்கும் மூலப் பதிவு) வான வெளிச்சத்தைக் கழித்துவிட்டு சிவப்பு பிக்சல்களை மட்டும் ஒப்பிட்டார். அவருடையது என்னுடையதைப் போல மூன்றரை மடங்கு.

"தம்பி, இதை யாரும் திறந்தே பார்க்கலடா" என்றார்.

திறந்து பார்த்த மெக்கானிக்கும் அதையேதான் சொன்னார். கம்பெனி ஃபில்டர் அப்படியே இருந்தது.

அப்புறம்தான் விற்றவர் முதலில் அனுப்பிய "முன்னே, பின்னே" படங்களைத் தோண்டி எடுத்தேன். டாக்குமென்டாக அனுப்பியிருந்ததால், எந்த செட்டிங்கில் எடுத்தது என்று படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும் எக்சிஃப் அழியவில்லை. "முன்னே" படம் எஃப் 4, 30 நொடி. "பின்னே" படம் எஃப் 2.8, 120 நொடி. ஐஎஸ்ஓ இரண்டிலும் ஒன்றே. எஃப் எண் குறைந்தால் லென்ஸ் துளை பெரிதாகும்: அதில் இரண்டு மடங்கு, நேரத்தில் நாலு மடங்கு. எட்டு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விட்டுவிட்டு நாலு மடங்கு என்று சொல்லியிருக்கிறார், அடக்கமான மனிதர்தான். கேட்டதற்கு, "ஐஎஸ்ஓவைக் கூட்டிப் பாருங்க சார்" என்று ஒரு பதில். அதன் பிறகு பிளாக்.

நேரில் வாங்கினால் பகலில் போங்கள். நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸ் செட்டிங்கை டேலைட்டில் வைத்து ஒரு வெள்ளைச் சுவரைப் படமெடுங்கள். மாடிஃபை செய்ததென்றால் சுவர் ரோஸ் நிறமாக வரும். வெள்ளையாகவே வந்தால் கிளம்பிவிடுங்கள். "கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் போட்டு சரி பண்ணி வச்சிருக்கேன்" என்று சமாளித்தால், அந்த செட்டிங்கை நீங்களே மாற்றி இன்னொரு படம் எடுங்கள். ஒப்பீட்டுப் படம் காட்டினால் ஜேபெக் வேண்டாம், இரண்டுக்கும் ரா ஃபைல் கேளுங்கள்.

போன வாரம் அதே இரண்டு படங்களோடு இன்னொரு விளம்பரம் கண்ணில் பட்டது. விலை இப்போது 55 ஆயிரம்.