கேரியர் பைய வாங்குங்க, ஜாக்கெட்ட யோசிங்க: தினமும் சைக்கிள் ஓட்டுறவங்களுக்கான ஐட்டம்ஸ் ரிவ்யூ

முதல்லயே முடிவ சொல்லிடறேன். பைய தாராளமா வாங்குங்க, பேண்ட் கையில காசு மிச்சம் இருந்தா பாருங்க, மழை ஜாக்கெட் பக்கம் அவசரப்பட்டு போயிடாதீங்க. ரேஸ் ஓட்டுறவங்களுக்கு உடம்போட ஒட்டுற லைக்ரா டிரெஸ் எப்பவும் கிடைக்கும், ஆனா வேலைக்கு, காலேஜுக்கு, கடைக்குன்னு தினமும் சைக்கிள் எடுக்கிற ஆளுக்குன்னு ‘அர்பன்’, ‘கம்யூட்டர்’னு பேர் வச்சு இப்ப புதுசா நிறைய வருது. அதுல பாதி சாதா சட்டை பேண்ட்ல ஒரு சைக்கிள் படத்த குத்தி வெலைய ஏத்தினதுதான். மீதி பாதில நிஜமாவே சைக்கிள் மிதிக்கிற ஆள் யாரோ உக்காந்து யோசிச்சிருக்காங்க. நான் வாங்கினதோட பிராண்ட் பேர் போடல, கிட்டத்தட்ட இதே டிசைன்ல பல கம்பெனிங்க செய்றாங்க, எத பாத்து வாங்கணும்னு தெரிஞ்சா போதும்.

பைல ஆரம்பிக்கிறேன், ஏன்னா மத்த எல்லாமே அதுல இருந்துதான் வருது. இது கேரியர் ஓரத்துல தொங்குற பேனியர், 20 லிட்டர், மேல் வாய சுருட்டி ரெண்டு பக்கமும் பக்கிள் போடுற ரோல்டாப் வகை. இந்த டிசைன உலகம் முழுக்க பழக்கினது 1982ல ஆரம்பிச்ச ஜெர்மன் கம்பெனி ஆர்ட்லீப், இப்ப வர்ற நிறைய பைங்க அந்த வழிதான். தையலே கிடையாது, துணி ஓரங்கள உருக்கி ஒட்டியிருக்காங்க, அதனால ஊசி ஓட்டை வழியா தண்ணி கசியுற பேச்சே இல்ல. மேல ஜிப் வச்ச பைக்கும் இதுக்கும் வித்தியாசம் ஒரு நல்ல மழையில தெரிஞ்சிடும்.

கொக்கி வேலை செய்யுற விதம்தான் அழகு. பை கைப்பிடிய மேல இழுத்தா ரெண்டு கொக்கியும் வாய திறக்குது, கேரியர் கம்பி மேல வச்சு கைய விட்டா பையோட வெயிட்டே கொக்கிய மூடிடுது, டக்குனு ஒரு சத்தம், அவ்ளோதான். ஆனா அதோட உள்ள குட்டி பிளாஸ்டிக் துண்டு கொஞ்சம் குடுப்பாங்க, அத தூக்கி போட்டுடாதீங்க. கேரியர் கம்பி ஒவ்வொண்ணும் ஒவ்வொரு தடிமன், பொதுவா 8 மிமீல இருந்து 16 மிமீ வரைக்கும் வரும், உங்க கம்பிக்கு ஏத்த துண்ட கொக்கிக்குள்ள சொருகலன்னா ஒவ்வொரு குழியிலயும் பை கடகடன்னு ஆடி கம்பில இருக்கிற பெயிண்ட சுரண்டிடும். கீழ இருக்கிற மூணாவது கொக்கியையும் தள்ளி சரியா மாட்டணும். பைய முடிஞ்ச வரைக்கும் பின்னாடி நகத்தி வைங்க, இல்லன்னா பெடல் பின்பக்கம் வரும்போது குதிகால் பைல இடிச்சுக்கிட்டே இருக்கும், பெரிய ஷூ சைஸ்காரங்களுக்கு இது நிச்சயம்.

ஒத்தை பை தான் மாட்டுவீங்கன்னா சைடு ஸ்டாண்ட் இருக்கிற பக்கம் மாட்டாதீங்க. நிறுத்திட்டு திரும்புறதுக்குள்ள வண்டி ஸ்டாண்ட் பக்கமே சரிஞ்சு படுத்துக்கும். லேப்டாப் வைக்கிறவங்க இன்னொண்ணும் பாருங்க, உள் உறையோட அடிப்பாகம் பையோட அடிய தொடாம ஒரு இஞ்சாவது மேல தொங்கணும், தொட்டா கீழ வைக்கும்போதெல்லாம் அடி லேப்டாப் மூலைக்குத்தான்.

குறையும் இருக்கு. உள்பக்கம் முழுக்க கருப்பு, ஒரே அறை, சாவி அடியில போயிடுச்சுன்னா மொத்தத்தையும் வெளிய கொட்டணும். தோள்ல மாட்டிட்டு படி ஏறினா கொக்கி இடுப்புல குத்துது. கொஞ்ச தூரம் நடக்கிற வேலை இருக்கிறவங்களுக்கு முதுகுப்பையா மாறுற மாடல் வருது, அதுல கொக்கிய மூடுறதுக்கு ஒரு மடிப்பு துணி இருக்கான்னு பாத்து வாங்குங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். சைக்கிள்ல போனா வேர்த்து ஊத்துது, அதனால ‘மூச்சு விடுற’ துணி வேணும்னு தேடுறவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு துணி பிரச்சனையே இல்லீங்க, முதுகுல ஒட்டிக்கிட்டு இருக்கிற பைதான் பிரச்சனை. பைய இறக்கி கேரியர்ல போட்டுட்டு சாதா பருத்தி சட்டையிலயே ஓட்டி பாருங்க, முதுகுல காத்து படும், அந்த ஈர வட்டம் காணாம போயிடும். இத செய்யாம எவ்ளோ காசு குடுத்து ஜெர்ஸி வாங்கினாலும் பைக்கும் முதுகுக்கும் நடுவுல அதுவும் நனையத்தான் போகுது.

மழை ஜாக்கெட் கதையும் இதேதான். டேக்ல 10,000 மிமீன்னு போட்டிருப்பாங்க, அதாவது பத்து மீட்டர் உயரத்துக்கு தண்ணி நிக்க வச்சு அழுத்தினாலும் துணி தாங்கும்னு அர்த்தம். நல்ல விஷயம், வெளித்தண்ணி உள்ள வராது. பக்கத்துலயே இன்னொரு 10,000 இருக்கும், அது ஒரு சதுர மீட்டர் துணி வழியா 24 மணி நேரத்துல எத்தன கிராம் நீராவி வெளிய போகும்னு சொல்றது. 24ஆல வகுத்தா மணிக்கு நானூறு கிராம் சொச்சம், அதுவும் லேப்ல அளந்த கணக்கு. கொஞ்சம் அழுத்தி மிதிச்சா ஒரு மணி நேரத்துல அரை லிட்டர் ஒரு லிட்டர் வேர்வை சாதாரணமா வரும். போதாக்குறைக்கு மழை நேரத்துல வெளிக்காத்தும் ஈரமா இருக்கும், உள்ளயும் வெளியவும் ஈரம் ஒண்ணாயிட்டா நீராவி எங்க போகும்? ஆக மழைல நனையல, வேர்வைல நனைஞ்சேன், ரெண்டும் ஒண்ணுதான். அக்குள்கிட்ட ஜிப் வச்ச மாடல்னா கொஞ்சம் பரவால்ல. பின்பக்கம் நீளமா வெட்டியிருக்கிறது நிஜமாவே உதவுது, குனிஞ்சு ஓட்டினாலும் இடுப்பு மூடியே இருக்கு. ஆனா ஜாக்கெட்டோட ஹூட், அதாவது தலைய மூடுற பகுதி, சுத்தமா சரியில்ல. பின்னாடி வண்டி வருதான்னு கழுத்த திருப்பினா தலை மட்டும்தான் திரும்புது, ஹூட் அங்கயே நிக்குது, கண்ணுக்கு தெரியுறது உள்துணிதான். ஹெல்மெட் மேல போடுற மாதிரி பெருசாவும், பின்னாடி கயிறு இழுத்து இறுக்குற மாதிரியும் இல்லன்னா வாங்காதீங்க.

மெதுவா ஓட்டுறவங்களுக்கு என்னோட ஓட்டு பொன்சோவுக்குத்தான், அதாவது தலை வழியா மாட்டி உடம்ப சுத்தி தொங்க விடுற மழைப் போர்வை. முன்பக்கம் கட்டைவிரல் மாட்ட வளையம் இருக்கும், அத பிடிச்சு ஹேண்டில்பார் மேல விரிச்சிட்டா கூடாரம் ரெடி, கீழ இருந்து காத்து வந்துக்கிட்டே இருக்கும், தொடையும் நனையாது. எதிர்காத்து அடிச்சா பாய்மரம் விரிச்ச மாதிரி பின்னாடி தள்ளும், அத ஒண்ணும் பண்ண முடியாது. மட்கார்டு இல்லாத சைக்கிள்னா வேஸ்ட், தண்ணி கீழ இருந்து அடிக்கும். அதவிட முக்கியமா விளம்பரத்துல யாரும் சொல்லாதது ஒண்ணு, ஹேண்டில்பார்ல இருக்கிற முன்லைட்டும் சீட்டுக்கு கீழ இருக்கிற பின்லைட்டும் பொன்சோவுக்குள்ள மறைஞ்சிடும், அதுவும் லைட் ரொம்ப தேவைப்படுற மழை இருட்டுல. பின்லைட்ட கேரியர் கடைசில போல்ட் போட்டு மாட்டுங்க, முன்லைட்ட முன்சக்கரத்த பிடிக்கிற ஃபோர்க் பக்கம் இறக்குங்க.

பேண்ட். சாதா ஜீன்ஸ்ல நாலு தையல் ஒரே புள்ளியில வந்து சேரும், அது சரியா சீட் மேல உக்கார்ற இடம், அங்கதான் வலியும் கிழிசலும். நல்ல சைக்கிள் பேண்ட்ல அந்த இடத்துல வைர வடிவத்துல ஒரு துண்டு துணி வச்சு தையல தள்ளி விட்டிருப்பாங்க, உள்பக்கம் புரட்டி பாத்தா தெரிஞ்சிடும். அது இல்லன்னா அது சைக்கிள் பேண்ட் இல்ல, டேக்ல என்ன எழுதியிருந்தாலும். லீவைஸ் 2011ல கம்யூட்டர்னு ஒரு வரிசை கொண்டு வந்தாங்க, பின் இடுப்பு உயரம், பூட்டு சொருக பட்டை, பேண்ட் கால மடிச்சா லைட் பட்டு மின்னுற பட்டின்னு, இப்ப எல்லாரும் அந்த அம்சங்களத்தான் சுத்தி சுத்தி வராங்க. ஸ்ட்ரெட்ச் ரொம்ப அதிகமா இருக்கிற துணி சீட்ல உரசி உரசி உருண்டை உருண்டையா நூல் எழும்பிடுது, அத கவனிங்க. பெண்கள் மாடல்ல பாக்கெட் வழக்கம்போல பேருக்குத்தான், போன் பாதி வெளிய நிக்குது, குனிஞ்சு மிதிக்கும்போது எப்ப விழும்னு தெரியாது.

மஞ்சப் பச்சை பளிச் கலர் வெஸ்ட் ராத்திரிக்கும் போதும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அந்த கலர் பளிச்சுனு தெரியுறதுக்கு வெயில்ல இருக்கிற புற ஊதா வேணும், ராத்திரி அது சும்மா ஒரு வெளிர் துணிதான். இருட்டுல வேலை செய்றது லைட்ட அது வந்த திசைக்கே திருப்பி அனுப்புற சாம்பல் பட்டி, அதுவும் முதுகுல இருக்கிறதவிட கணுக்கால்ல இருந்தா நல்லது, மேலயும் கீழயும் ஆடுறத பாத்ததும் பின்னாடி வண்டி ஓட்டிட்டு வர்றவருக்கு இது ஒரு மனுஷன்னு உடனே புரியும். ஒரு ஜோடி கணுக்கால் பட்டி வாங்கினா பேண்ட் செயின்ல மாட்டாம பிடிச்சுக்கவும் ஆச்சு, இந்த மொத்த லிஸ்ட்லயே சின்ன காசுக்கு பெரிய பலன் இதுதான்.

கிளவுஸ்ல ஜெல் கெட்டியா இருந்தா சொகுசுன்னு நினைக்காதீங்க, தப்பான இடத்துல மேடு இருந்தா உள்ளங்கை நரம்ப அழுத்தி சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப் போகும். போட்டுக்கிட்டு ஹேண்டில்பார பிடிச்சு பாத்து வாங்குங்க. சீட் கவர் பத்தி சொல்ல ஒண்ணுமில்ல, பிளாஸ்டிக் கவரே போதும்.

ஏற்கனவே ஜாக்கெட் வாங்கிட்டவங்களுக்கு ஒண்ணு. புதுசா வர்றதுல தண்ணிய ஒட்ட விடாத பூச்சு ஃப்ளோரின் இல்லாததுதான் அதிகம், சுற்றுச்சூழலுக்கு நல்லது, ஆனா எண்ணெய்ப் பிசுக்கு அவ்வளவா தாங்காது, கழுத்து வேர்வையும் செயின் கிரீஸும் பட்டா தண்ணி முத்து முத்தா உருள்றது நின்னு துணி ஊற ஆரம்பிச்சிடும். உடனே ஓட்டை விழுந்துடுச்சுன்னு தூக்கி போட்டுடாதீங்க. சாஃப்ட்னர் சேர்க்காம துவைச்சு நல்லா அலசி, டேக்ல அனுமதிச்சிருந்தா மிதமான சூட்டுல ஒரு இஸ்திரி போடுங்க, பாதிக்கு மேல திரும்பி வந்துடும்.