ஆக்கிரமிப்பு வழக்கில் மூன்றாம் நபர்: சேர்ப்பதா, தனி வழக்கா?

உங்கள் நிலத்தை ஆக்கிரமித்து வேலி போட்டவர் மேல் வழக்குப் போட்டாயிற்று. அப்புறம்தான் தெரிகிறது, உள்ளே உழுது பயிர் வைத்திருப்பவர் வேறொருவர் என்று.

அவரை அதே வழக்கில் சேர்க்க, உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 1 விதி 10(2)-இன் கீழ் மனு போடலாம். பிராதையும் (முதலில் தாக்கல் செய்த வழக்குரையையும்) திருத்த வேண்டும், விசாரணை கொஞ்சம் தள்ளிப்போகும். ஆனால் தீர்ப்பு அவரையும் கட்டுப்படுத்தும். கவனிக்க வேண்டியது காலக்கெடு: 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டம் பிரிவு 21-படி, அவரைப் பொறுத்தவரை வழக்கு தொடங்குவது சேர்த்த நாளில்தான். நல்லெண்ணத்தோடு நேர்ந்த தவறால் விடுபட்டிருந்தால் நீதிமன்றம் முந்தைய தேதியை ஏற்கலாம்.

தனி வழக்கென்றால் புதிதாக நீதிமன்றக் கட்டணம், சர்வேயரின் சாட்சியம் மறுபடியும், தீர்ப்புகள் முரண்படும் ஆபத்து வேறு. அவர் வேறொரு நிலத்துண்டைத் தனியாகப் பிடித்திருந்தால் அது சரி. அதே துண்டுதான் என்றால், சாட்சி விசாரணை தொடங்கும் முன்பே சேர்த்துவிடுங்கள்.