ஹெலிஸ்கீயிங்: ஆல்ப்ஸா, கனடாவா, அலாஸ்காவா?

ஹெலிகாப்டரில் மலைமேல் போய் இறங்கி, அங்கிருந்து பனியில் சறுக்கி வருவதுதான் ஹெலிஸ்கீயிங். மூன்று இடத்து விளம்பரப் படங்களும் ஒரே மாதிரிதான் இருக்கும்: நீல வானம், கால்படாத வெண்பனி, பின்னால் ஹெலிகாப்டர். முன்பணம் கட்டுமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. மேகம் மூடி, பறக்க முடியாத நாளில் என்ன செய்வோம்?

ஆல்ப்ஸில் இதற்குப் பதில் சுலபம். ஊரைச் சுற்றி, சறுக்குபவர்களை மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்டுகள் இருக்கின்றன. அதில் ஏறிச் சறுக்கலாம். ஹெலிகாப்டருக்குத்தான் அங்கே கெடுபிடி. சுவிட்சர்லாந்தில் ஏறத்தாழ 40 மலைத்தளங்களில் மட்டுமே இறங்கலாம். பிரான்சில் 1985ஆம் ஆண்டின் மலைச் சட்டம், பொழுதுபோக்குக்காக மலைமேல் ஆளை இறக்கிவிடுவதையே தடை செய்கிறது. அதனால் பிரான்சின் மலையூரான சாமோனியில் தங்குபவர்கள் சுரங்கப் பாதையில் எல்லை தாண்டி இத்தாலியின் கூர்மாயோருக்குப் போகிறார்கள்!

சுவிட்சர்லாந்தின் செர்மாட் ஊரிலிருந்து மான்டே ரோசா மலைக்குப் போவது பெரும்பாலும் ஒரு பறத்தல், ஒரு நீண்ட இறக்கம். 1,600 மீட்டரில் இருக்கும் ஊரிலிருந்து சில நிமிடங்களில் 4,000 மீட்டருக்கு மேல் போய் நிற்பீர்கள்; தலை கனக்கும். இறங்கும் வழி பனியாறு. அதிலுள்ள ஆழமான பிளவில் விழுந்தால் தூக்குவதற்காக இடுப்பில் வார்ப்பட்டை கட்டித்தான் கைடு கூட்டிப் போவார்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா வேறு உலகம். 1965இல் ஹான்ஸ் குமோசர் பகபூஸ் மலைகளில் இதைத் தொழிலாகத் தொடங்கினார். சிகரங்கள் ஆல்ப்ஸ் அளவுக்கு உயரமில்லை. ஆனால் காடு இருக்கிறது, அதுதான் விஷயம். பனி கொட்டும்போது மேலே வானமும் தரையும் ஒரே வெள்ளையாகிவிடும். காட்டுக்குள் மரங்களை வைத்துச் சரிவைக் கணிக்கலாம். அதனால் வானிலை சுமாராக இருக்கும் நாளிலும் கீழ்ச்சரிவுகளில் பல இறக்கங்கள் கிடைக்கும். காலையில் கைடுகள் கூடி, அன்று எந்தச் சரிவு திறப்பு, எது மூடல் என்று பட்டியல் போடுவார்கள். மூடியதைக் கெஞ்சித் திறக்க முடியாது. பனிச்சரிவு பயம் எல்லா இடத்திலும் உண்டு. இங்கே கூடுதலாக மரத்தடிக் குழி. அடிமரத்தைச் சுற்றி இறுகாமல் கிடக்கும் பனியில் தலைகீழாக விழுந்தால் தானாக வெளியே வருவது கடினம், மூச்சு முட்டும். இருவர் இருவராகச் சறுக்கச் சொல்வது அதற்குத்தான்.

அலாஸ்காவின் வால்டீஸ் பக்கம் கடல் ஈரம் கலந்த பனி, செங்குத்தான முகடுகளிலும் ஒட்டிக்கொள்கிறது. அப்படிப்பட்ட சரிவு மற்ற இரண்டிலும் சுலபத்தில் கிடைக்காது. ஆனால் ஒதுங்க மரமில்லை. மூடுபனி வந்தால் நாள்கணக்கில் அறையிலேயே உட்கார வேண்டியதுதான்.

முதல்முறை என்றால் செர்மாட்டில் ஒரு நாள் போதும். ஒரு வாரமும் பெரும் பணமும் இருந்தால் என் ஓட்டு கனடாவுக்கே. விடுமுறை கைவசம் நிறைய இருந்து, செங்குத்துச் சரிவில் கால் நடுங்காதவர்கள் அலாஸ்கா போகட்டும். எங்கே போனாலும், பறக்காத நாளுக்குப் பணம் திரும்புமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இறுகாத பஞ்சுப் பனியில் சறுக்கி இன்னும் பழகாதவர்களுக்கு ஹெலிகாப்டரே வேண்டாம். காஷ்மீரில் குல்மார்க்கின் கேபிள் கார் கிட்டத்தட்ட 4,000 மீட்டர்வரை ஏற்றிவிடுகிறது. ஒரு நல்ல கைடைப் பிடித்து முதலில் அங்கே பழகலாம்.