புல்தரைப் பராமரிப்புச் சேவைக்குக் காசு கொடுக்கலாமா? 2019 முதல் தெஹிவளை வீட்டில் என் அனுபவம்

புல் வெட்டுவதற்கு மாதாமாதம் ஒரு கொம்பனிக்குக் காசு கொடுக்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வெட்டுவதற்கு மட்டும் என்றால் தேவையில்லை. வெட்டுவதற்கு எந்த ஒழுங்கையிலும் ஆள் கிடைப்பார். மண்ணைத் தொட்டுப் பார்த்து, வேரைக் கிள்ளிப் பார்த்து, இந்தப் புல்லுக்கு என்ன வருத்தம் என்று சொல்லத் தெரிந்த ஒருவர் வருடத்தில் சில தடவையாவது வளவுக்குள் வந்து போக வேண்டும். அதற்குத்தான் நான் இத்தனை வருடமாகக் காசு கட்டுகிறேன். அதற்குப் பெறுமதி இருக்கிறது, ஆனால் அந்தப் பெறுமதியை நாமே கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

எங்கள் வீடு தெஹிவளையில், காலி வீதிக்கு உள்பக்கம். புல்தரை நாலு பேர்ச், அதாவது கிட்டத்தட்ட நூறு சதுர மீற்றர். முன்பக்கம் நல்ல வெயில், பின்பக்கம் பெரிய மாமரத்தின் நிழல். மண்ணைப் பற்றிக் கேட்காதீர்கள். ஒரு அடி தோண்டினால் சிவப்புக் கபுக் மண்ணும் (கல் மாதிரி இறுகிய செம்மண்), வீடு கட்டியபோது யாரோ புதைத்துவிட்டுப் போன சீமெந்துக் கட்டிகளும்தான். கொழும்பில் பாதி வளவுகள் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

முதலில் வந்த கொம்பனி செய்த வேலையைச் சொல்லாமல் இருக்க முடியாது. முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே கார்ப்பெட் புல்லை, அதாவது வேறிடத்தில் வளர்த்து மண்ணோடு பாய் மாதிரிப் பெயர்த்துக் கொண்டுவரும் புல்லை, விரித்துவிட்டுப் போனார்கள். மெல்லிய இலையுள்ள ஸொய்ஸியா வகை, விரித்த அன்றைக்குப் பார்க்க ஹோட்டல் வாசல் மாதிரி இருந்தது. வெயில் பக்கம் பிடித்துக்கொண்டது, மாமரத்தின் கீழ் சில மாதங்களிலேயே ஐதாகி, பிறகு பாசி படிந்து வெறும் மண்ணாகிவிட்டது. கேட்டதற்குப் பசளை போதாது என்று இன்னொரு மூட்டைக்குப் பில் போட்டார்கள். நிழலில் சாகிற புல்லுக்குப் பசளை போட்டு என்ன பயன்? ஸொய்ஸியாவுக்கும் அருகம்புல்லுக்கும் வெயில் வேண்டும். நிழலைத் தாங்குவது இங்கே பஃபலோ என்று விற்கிறார்களே, அந்த அகல இலைப் புல்தான். அது புளிப்பான மண்ணிலும் வரும், பெரிதாகப் பசளையும் கேட்காது, தண்ணீர் குறைந்தால் மட்டும் உடனே முகம் சுருங்கும். இரண்டாவது கொம்பனி வந்து பின்பக்கத்துக்கு அதைப் போட்டது, மாமரத்தின் கீழ்க் கிளைகள் நாலைந்தையும் கழித்தது, அதோடு அந்தப் பிரச்சினை முடிந்தது. கார்ப்பெட் விற்பவர்கள் அதை முழு வெயிலில் வளர்த்துத்தான் கொண்டு வருகிறார்கள், ஆகவே லொறியில் இருக்கும்போது எல்லாப் புல்லும் பச்சையாகத்தான் தெரியும்.

இனி வெட்டும் விஷயம். கொழும்பில் புல்தரைகள் வீணாவதற்கு முதல் காரணம் ஒட்ட வெட்டுவது. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. "ஒட்ட வெட்டினால் அடுத்த முறை வரப் பிந்தும்" என்று வெட்டுகிறவரும் நினைக்கிறார், காசு கொடுக்கிறவரும் நினைக்கிறார். புல் தன் சாப்பாட்டை இலையில்தான் சமைக்கிறது. ஒரே தடவையில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தால், வேரில் சேர்த்து வைத்ததைச் செலவழித்துத்தான் அது மறுபடி இலை விட வேண்டும். அந்த இடைவெளியில் மண்ணில் வெயில் விழும், களை முளைக்கும். எங்கள் ஏற்பாடு, முன்பக்க ஸொய்ஸியா ஒன்றரை அங்குலம், நிழல் பக்கத்து பஃபலோ இரண்டு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. நிழலில் கொஞ்சம் உயரமாகவே விட வேண்டும், இருக்கிற வெளிச்சத்தைப் பிடிக்க அதற்கு இலைதானே இருக்கிறது.

இங்கே பெரும்பாலும் தோளில் மாட்டுகிற நைலான் கயிறு மெஷினால்தான் வெட்டுகிறார்கள். அது இலையை வெட்டுவதில்லை, அடித்துக் கிழிக்கிறது, இரண்டு நாளில் நுனியெல்லாம் வெளிறிப்போகும். கை கொஞ்சம் தாழ்ந்தால் ஒரு வட்டம் மொட்டையாகிவிடும். அதைவிட மோசம், மரத்தடியைச் சுற்றி வெட்டும்போது கயிறு பட்டைமேல் படுவது. எங்கள் எலுமிச்சை மரத்தைச் சுற்றிப் பட்டை உரிந்து, மரமே பட்டுப்போனது அப்படித்தான். கொம்பனியில் முறையிட்டேன், "ஆள் புதிது, மேடம்" என்றார்கள், அவ்வளவுதான். இப்போது ஒவ்வொரு மரத்தடியிலும் ஓரடிக்குப் புல்லே வைக்காமல் காய்ந்த இலை பரப்பியிருக்கிறேன். உங்கள் கொம்பனி உருளைக் கத்தியோ சுழல் கத்தியோ உள்ள தள்ளு மெஷின் கொண்டு வருகிறதா, கடைசியாக எப்போது கத்தி தீட்டினார்கள் என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கு வரும் பதிலிலேயே ஆட்களை எடைபோடலாம்.

அடுத்த குறை, எல்லாக் கொம்பனிக்கும் பொதுவான குறை: மாதத்துக்கு இரண்டு தடவை என்று வருடம் முழுக்க ஒரே கணக்கு. கொழும்பு மழை அப்படியா பெய்கிறது? வைகாசி, ஆனி மழையிலும், ஐப்பசி, கார்த்திகையின் பின்னேர இடிமழையிலும் புல் பத்து நாளில் முழங்கால் தேடும். தை, மாசியில் அசையாது. அப்போதும் வந்து, வெட்ட ஒன்றுமில்லாத புல்லைச் சுரண்டிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார்கள். பலமுறை பேசியபின் வருடத்துக்கு இத்தனை என்று மொத்தமாக வைத்து, மழை மாதங்களில் நெருக்கமாகவும் வெயில் மாதங்களில் தள்ளியும் வர ஒப்புக்கொண்டார்கள். காசு அதேதான், புல்லில் வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். ஹட்டன் பக்கத்துத் தம்பி ஒருவர் மேற்பார்வைக்கு வந்தார். மெஷினைத் தொடவே இல்லை. பெரிய ஸ்க்ரூட்றைவர் ஒன்றை எடுத்து அங்கங்கே மண்ணில் குத்திப் பார்த்தார். வாசலில் இருந்து கேற் வரைக்கும் நாங்கள் நடக்கும் வழியில் அது இரண்டு அங்குலம்கூட இறங்கவில்லை. "அக்கா, இதுக்குப் பசள வேணாம், வேரு மூச்சு விட முடியாம கெடக்கு" என்றார். அப்புறம் முள்ளுக் கரண்டி மாதிரியான மண் முள்ளால் இடைவெளி விட்டுக் குத்தி, அந்தத் துளைகளுக்குள் ஆற்று மணலும் சலித்த கூட்டெருவும் கலந்து தூவி, ஈர்க்கு விளக்குமாற்றால் கூட்டிவிட்டார்கள். மண்ணின் புளிப்பைப் பார்த்து, அதைக் குறைக்கும் டொலமைட் என்ற சுண்ணாம்புத் தூளும் போட்டார்கள். இதை மழை தொடங்கும்போது செய்ய வேண்டும், வெயிலில் செய்தால் துளை வழியே வேர் காயும். மலிவு என்று கடல் மணலைக் கொண்டுவந்து கொட்டுபவர்களும் உண்டு, தயவுசெய்து விடாதீர்கள், உப்பு. காலிமுகத்திடலில் புல்லை எத்தனை தரம் பதித்தாலும் ஏன் நிற்பதில்லை என்று அந்தத் தம்பியிடம் கேட்டேன். கால் மிதியும் கடல் காற்றும் சேர்ந்தால் எந்தப் புல்தான் தாங்கும் என்று சிரித்தார்.

அவர் இப்போது அங்கே இல்லை. இந்தத் தொழிலில் வேலை தெரிந்தவர்கள் நிற்பதில்லை, ஏனென்றால் புல் வேலையை ஒரு வேலையாகவே யாரும் மதிப்பதில்லை. 2023 ஆசியக் கிண்ணக் கிரிக்கெட் இறுதிப் போட்டியில் இந்தியப் பந்துவீச்சாளர் சிராஜ் தன் ஆட்டநாயகன் பரிசுப் பணத்தைக் கொழும்பு பிரேமதாச மைதானப் பணியாளர்களுக்குக் கொடுத்தாரே, அந்த ஒரு நாள்தான் இந்த நாட்டில் புல் பார்ப்பவர்களைப் பற்றி எல்லோரும் பேசினார்கள்.

பசளை பற்றி எனக்குப் பாடம் நடத்தியது 2021. அந்த வருடம் இலங்கை அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தது, நவம்பரில் தடையை எடுத்தது. அதற்குப் பிறகும் விலை கீழே வரவில்லை. நெல்லுக்கே யூரியா இல்லாதபோது புல்தரைக்கு யார் கொடுப்பார்கள், கேட்கவே வெட்கமாக இருந்தது. கொம்பனி கூட்டெருவுக்கு மாறியது. நிழல் பக்கத்து பஃபலோ எதுவும் நடக்காதது போல இருந்தது, முன்பக்கம் கொஞ்சம் வெளிறியது, அவ்வளவுதான். வெட்டிய புல்லை மூட்டையில் கட்டி வெளியே அனுப்பாமல் தரையிலேயே விடவும் அப்போதுதான் பழகினோம். பசளைத் தேவையில் கால்வாசியை அது திருப்பித் தந்துவிடும், நீளமாக வளர்ந்து கட்டியாக விழுந்தால் மட்டும் வாரி எடுக்க வேண்டும். இப்போது யூரியா கிடைத்தாலும் கணக்காகத்தான் போடவிடுகிறேன். யூரியாவில் 46 சதவீதம் நைதரசன். நூறு சதுர மீற்றருக்கு ஒரு தடவைக்கு ஒரு கிலோ அளவே தாராளம், ஈரமில்லாத இலையில் தூவி உடனே தண்ணீர் பிடிக்க வேண்டும். கை நிறைய அள்ளி வீசினால் விழுந்த இடமெல்லாம் கருகும்.

2022 வேறு கதை. எரிபொருள் தட்டுப்பாடு, பெற்றோலைக் கானில் ஊற்றமாட்டார்கள், மெஷினை எப்படி ஓட்டுவது? மின்சார மெஷின் கொண்டு வருகிறோம் என்றார்கள், அது பதின்மூன்று மணித்தியால மின்வெட்டுக் காலம். கடைசியில் ஒரு ஐயா கத்தியோடு வந்து குந்தியிருந்து வெட்டினார். உண்மையைச் சொன்னால் அதைவிடச் சுத்தமான வெட்டை எந்த மெஷினும் தரவில்லை. அந்த மாதங்களில் முழுக் கட்டணத்தையும் கேட்ட கொம்பனியோடு சண்டை பிடித்ததும் நினைவிருக்கிறது. ஒப்பந்தத்தில் "வராத நாளுக்குக் காசு இல்லை" என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்க் கணக்கை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மழையில்லாத கிழமைக்கு ஒரு அங்குலத் தண்ணீர் என்பது பொதுவான அளவு. எங்கள் நாலு பேர்ச்சுக்கு அது 2,500 லீற்றர், அதாவது இரண்டரை யூனிட். மாதத்துக்குப் பத்து யூனிட். 2022, 2023 கட்டண உயர்வுகளுக்குப் பிறகு தண்ணீர்ச் சபை பில்லில் அந்தப் பத்து யூனிட் உங்களை யூனிட்டுக்குக் கூடிய விலை எடுக்கும் மேல் படிக்குத் தூக்கிவிடும். நாங்கள் கிணற்றுத் தண்ணீருக்கு மாறினோம். கிணறு இல்லாதவர்கள் தை, மாசியில் புல் கொஞ்சம் மஞ்சளாகட்டும் என்று விடுவதே நல்லது. கிழமைக்கு இரண்டு தடவை ஆழமாக ஊற்றினால் வேர் கீழே போகும், தினமும் பூவாளியால் தெளித்தால் மேலேயே நிற்கும். நேரம் அதிகாலை. பின்னேரம் ஊற்றி இரவு முழுக்க இலை ஈரமாக இருந்தால், நம் வெக்கைக்குப் பூஞ்சணம் வட்டம் வட்டமாகப் பிடிக்கும். எங்களுக்குக் கார்த்திகை மழையில் ஒருமுறை பிடித்தது. கொம்பனி மருந்தடிக்கத்தான் பார்த்தது, நான் பசளையை நிறுத்தி, அடர்ந்துபோயிருந்த காய்ந்த தண்டுகளை வாரிக் கழிக்கச் சொன்னேன், வட்டங்கள் மெல்ல மூடிக்கொண்டன.

களைகளில் தொட்டாச்சுருங்கி ஒன்றுமில்லை, மழை பெய்த மறுநாள் வேரோடு வரும். கோரைதான் வில்லன். இழுத்தால் இலை கையோடு வரும், மண்ணுக்குள் கிழங்கு மாலை மாதிரி தொடர்ந்து இருக்கும். எங்கள் வளவுக்கு அது வந்தது கொம்பனி கொட்டிய மேல்மண் லோட்டில்தான், அதில் எனக்கு இன்னும் கோபம். கிளைபோசேட் களைகொல்லியை அடிக்கலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார், அது கோரையோடு புல்லையும் சேர்த்துத்தான் கொல்லும். இப்போது ஒரு அம்மா வந்து சின்னக் கத்தியால் கிழங்கோடு தோண்டி எடுக்கிறார். குறைந்திருக்கிறது, போகவில்லை.

மைனாவும் காகமும் ஒரே இடத்தில் கொத்திக்கொண்டு நின்றால் கீழே வெள்ளைப் புழு இருக்கலாம். அந்த இடத்துப் புல்லைப் பிடித்து இழுங்கள், பாய் மாதிரிச் சுருண்டு வந்தால் வேரைத் தின்றுவிட்டது என்று அர்த்தம். ஒரு சதுர அடியில் ஐந்தாறுக்கு மேல் இருந்தால்தான் மருந்தைப் பற்றி யோசிப்பேன், குறைவாக இருந்தால் மைனாவுக்கே விட்டுவிடுவேன். டெங்குப் பரிசோதனைக்கு வருகிறவர்கள் புல்தரையில் குறை கண்டதில்லை, ஆனால் பள்ளத்தில் தண்ணீர் தேங்கினால் கட்டாயம் கேட்பார்கள், அதனால் மணல் போடும்போதே மேடுபள்ளத்தையும் சரிசெய்யச் சொல்லுங்கள்.

காசைப் பொறுத்தவரை, 2019இல் மாதம் மூவாயிரம் சொச்சம் கட்டிய அதே வேலைக்கு இப்போது ஒன்பதாயிரத்தை ஒட்டிக் கேட்கிறார்கள். அதனால் பிரித்துவிட்டேன். வெட்டுவதற்கு எங்கள் ஒழுங்கையில் வேலை செய்யும் ஒருவர், உயரத்தை அளக்க அவருக்கு ஒரு குச்சியில் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறேன். கொம்பனி மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மண், வேர், பூச்சி பார்க்க மட்டும் வருகிறது. அபார்ட்மென்ட் வாசலில் அரைப் பேர்ச் புல் வைத்திருப்பவர்களுக்கு இதெல்லாம் தேவையே இல்லை, ஒரு நல்ல கத்தரிக்கோலும் பொறுமையும் போதும். மூன்று நாலு பேர்ச்சுக்கு மேல், நிழலும் வெயிலும் கலந்த வளவு என்றால் முதல் ஒரு வருடத்துக்காவது தெரிந்த கொம்பனியைப் பிடியுங்கள். அடுத்த ஒப்பந்தத்தில் சித்திரை மாதம் போடும் பசளையை நிறுத்திவிட்டு, அந்தக் காசுக்கு நடைவழியில் கல் பதித்துத் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், இன்னும் விலை சொல்லவில்லை.