டச்-அப் பேனா, ஸ்ப்ரே டின், கீறல் நீக்கி: எது எதற்கு ஆகும், எது ஆகாது

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் புளோக்குக்கு எதிரே உள்ள பலமாடி கார்பார்க்கில், நான்காம் தளத்துக்கு ஏறும் வளைவில் ஒரு தூண். பின் பம்பரின் இடது மூலை அதில் உரசி, உள்ளங்கை அளவுக்குப் பெயிண்ட் போய்க் கறுப்பு பிளாஸ்டிக் தெரிந்தது. விரைவுச்சாலையில் கல் தெறித்து பானெட்டில் ஏற்கெனவே ஏழெட்டுப் புள்ளிகள். கதவுக் கைப்பிடிக் குழியில் நகக் கீறல்கள். மூன்றையும் நானே சரிசெய்ய வேண்டும் என்று ஆசை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் வாங்கினேன். ஒன்று பரவாயில்லை, ஒன்று பாதி, ஒன்று படு மோசம்.

வாங்குவதற்கு முன் எனக்குத் தெரிந்திருக்க வேண்டியது இதுதான். கார் பெயிண்ட் ஒரே பூச்சு இல்லை. தகட்டின் மேல் துரு தடுக்கும் பூச்சு, பிரைமர், நிறம், கடைசியாகக் கண்ணாடி போன்ற கிளியர் கோட். எல்லாம் சேர்த்தும் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான், அதாவது இரண்டு தலைமுடியின் தடிமன். அதில் கிளியர் கோட் 40, 50 மைக்ரான் வரும். கீறல் எந்த அடுக்குவரை போயிருக்கிறது என்று பார்க்கக் காசு செலவில்லை. நகத்தைக் குறுக்கே இழுத்தால் தட்டுகிறதா? கொஞ்சம் தண்ணீர் தொட்டு வைத்தால் கீறல் மறைகிறதா? நகம் தட்டாமல், தண்ணீரிலும் மறைந்தால் அது கிளியர் கோட்டோடு நின்றுவிட்டது. நகம் சிக்கினால் பாலிஷ் வகை எதுவும் உதவாது.

கீறல் நீக்கி என்று ட்யூபில் விற்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். கைப்பிடிக் குழியில் தேய்த்தேன், உடனே பளபளப்பு. இரண்டு வாரத்தில் நாலைந்து மழை, ஒரு ஷாம்பு கழுவல். பாதிக் கீறல்கள் திரும்பி வந்துவிட்டன. இந்த வகையில் பலவற்றில் நுண்ணிய தேய்ப்புப் பொருளோடு எண்ணெய், மெழுகு போன்ற நிரப்பியும் இருக்கும். நிரப்பி கீறலை மூடிக் காட்டும், கழுவக் கழுவப் போய்விடும். திரும்பி வராத பாதிதான் உண்மையாகத் தேய்ந்து சரியானது. அந்த அளவுக்கு இது நேர்மையான பொருள்தான், டப்பாவில் போட்டிருக்கும் ஆழமான கீறல் படத்தை மட்டும் நம்பக்கூடாது.

டச்-அப் பேனா பானெட்டுக்கு. கதவைத் திறந்தால் தெரியும் தகட்டில் நிற எண் இருக்கும். என் டொயோட்டா சில்வர், 1எஃப்7. எண் பார்த்துத்தான் வாங்கினேன், ஆனாலும் முதல் முயற்சி சொதப்பல். பேனா முனை கல் பட்ட புள்ளியைவிடப் பெரியது. அழுத்தினால் ஒரு சொட்டு இறங்கிப் புள்ளியைச் சுற்றியும் பரவி, காய்ந்ததும் மரு மாதிரி புடைத்து நிற்கிறது. அதைத் துடைத்துவிட்டு, பல்குச்சி நுனியில் தொட்டுக் குழிக்குள் மட்டும் வைத்தேன். காயவிட்டு இன்னொரு முறை, அப்புறம் கிளியர். மூன்றடி தள்ளி நின்றால் தெரியவில்லை. குனிந்து பார்த்தால் சற்றுக் கருமையாகத் தெரிகிறது. ஆனால் தகடு மூடிவிட்டது, துரு பிடிக்காது. அதற்காகவே இதை வாங்கலாம்.

இனி ஸ்ப்ரே டின். பிரைமர், நிறம், கிளியர் என்று மூன்று டின், உப்புத்தாள், மாஸ்கிங் டேப் எல்லாம் சேர்த்து எனக்கு 70 வெள்ளிக்கு மேல் ஆனது. கார்பார்க்கில் அடித்தால் பெயிண்ட் தூசு பக்கத்துக் கார்களில் படியும் என்பதால் செம்பவாங்கில் மச்சான் வீட்டு வாசலில் வைத்து அடித்தோம். காலை எட்டு மணி, வெயில் ஏறவில்லை, நல்ல நேரம் என்று நினைத்தோம். அதுதான் தப்பு. சிங்கப்பூரில் விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும், மழையில்லாத பிற்பகலில்தான் 60 பக்கம் இறங்கும். கரைப்பான் ஆவியாகும்போது பூச்சின் மேற்பரப்பு குளிர்கிறது, காற்றில் இருக்கும் ஈரம் அதன்மேல் படிகிறது. கிளியர் அடித்துப் பத்து நிமிடத்தில் மூலை முழுவதும் நீர்மோர் ஊற்றியதுபோல் வெளுத்துவிட்டது. “நிழல்லதானே மச்சான் அடிச்சோம்?” என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். நிழல் சரி, காற்றுதான் சரியில்லை.

மறுவாரம் தேய்த்துவிட்டுப் பிற்பகலில் மறுபடி அடித்தோம். வெளுக்கவில்லை. ஆனால் நிறம் பொருந்தவில்லை. சில்வர் பெயிண்டில் நுண்ணிய அலுமினியத் துகள்கள் இருக்கின்றன. எவ்வளவு தூரத்திலிருந்து, எவ்வளவு ஈரமாக அடிக்கிறோமோ அதற்கேற்ப அவை படியும் விதம் மாறும், நிறமும் மாறும். நேரே பார்த்தால் பொருந்தியது, பக்கவாட்டில் பார்த்தால் சாம்பல் திட்டு. அதோடு பத்தாண்டு வெயில் கண்ட பழைய பெயிண்டுக்குப் பக்கத்தில் புதுசு. டேப் ஒட்டிய விளிம்பில் படிக்கட்டு மாதிரி ஒரு கோடு வேறு. மூன்று மாதத்தில் அந்தக் கோட்டிலிருந்தே உரிய ஆரம்பித்தது, ஏனென்றால் வெறும் பிளாஸ்டிக்கில் பெயிண்ட் பிடிக்கத் தனியாக ஒரு பிடிமானப் பூச்சு அடிக்க வேண்டும். நான் வாங்கிய செட்டில் அது இல்லை.

சின் மிங்கில் ஒரு பட்டறைக்காரர் விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, சில்வரை டின்ல அடிக்கக் கூடாது. வெறும் வெள்ளையா இருந்திருந்தா தப்பிச்சிருப்பீங்க.” அவர் சொன்னது சரி. துகள் இல்லாத வெள்ளை, கறுப்பு, சிவப்பு என்றால் டின்னுக்கு ஓரளவு வாய்ப்பு உண்டு. முத்து வெள்ளை வேண்டவே வேண்டாம், அதில் நிறமே இரண்டு அடுக்கு.

சாதாரண டின் கிளியர் மேல் பெட்ரோல் பட்டால் இளகும். அதற்கு மாற்றாக, பூச்சை இறுக்கும் ஹார்டனர் கலந்த 2கே டின் இருக்கிறது. அடியில் உள்ள ஊசியை அழுத்தி உள்ளே கலக்க வேண்டும், கலந்தபின் ஓரிரு நாளில் டின்னுக்குள்ளேயே இறுகிவிடும். பூச்சு உறுதியாக நிற்கும், பளபளப்பும் பட்டறை வேலைக்குக் கிட்ட வரும். ஆனால் அதில் இருப்பது ஐசோசயனேட், மூச்சில் போனால் ஆஸ்துமா வரலாம். துணி முகமூடியோ அறுவை முகமூடியோ போதாது. குழந்தைகள் இருக்கும் வீட்டு வாசலில் இதை அடிக்க யாருக்கும் நான் சொல்லமாட்டேன்.

உரித்தெடுக்கும் ரப்பர் பெயிண்ட் சக்கரத்துக்கும் முன் கிரில்லுக்கும் நல்லது. கனமாக அடித்தால் தாள்போல் உரியும், மெல்லிசாக அடித்தால் துணுக்குத் துணுக்காய்ச் சுரண்ட வேண்டும். முழுக் காரின் நிறத்தை மாற்றுவதாக இருந்தால் நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் தெரிவித்தாக வேண்டும்.

பம்பர் முழுவதும் அடிக்கப் பட்டறையில் எனக்குச் சொன்ன விலை 180 வெள்ளி. டின்னுக்குப் போன காசையும் இரண்டு வார இறுதிகளையும் கணக்கில் வைத்தால் அது அதிகமில்லை. என் காரின் சிஓஇயை, அதாவது கார் வைத்திருக்கப் பத்தாண்டுக்குத் தரும் உரிமச் சான்றை, இன்னும் ஐந்தாண்டுக்கு நீட்டித்திருக்கிறேன், அதனால் கொடுத்துவிட்டேன். பத்தாண்டு முடிவதற்குள் காரைக் கொடுத்துவிடப் போகிறவர் அந்தக் காசையும் போடத் தேவையில்லை. அரசிடமிருந்து திரும்பக் கிடைக்கும் தொகை காரின் வயதையும் பதிவின்போது கட்டிய வரியையும் பார்த்துத்தான் வருகிறது, பம்பரை யாரும் பார்ப்பதில்லை. பானெட்டுக்கு மட்டும் பேனாவும் பல்குச்சியும் இன்னும் கார் டாஷ்போர்டில் இருக்கின்றன. போன வாரமும் புதிதாக ஒரு கல் பட்டது, அன்று சாயங்காலமே வைத்துவிட்டேன்.