ஒயர் டிரில்லா, பேட்டரி டிரில்லா?

கோத்தகிரியில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட சின்னப் பட்டறை எனக்கு. இரண்டு வகை டிரில்லும் அங்கே இருக்கின்றன.

கான்கிரீட், கருங்கல் சுவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஒயர் டிரில்தான். 230 வோல்ட் கரண்ட், பிட்டைக் கவ்விப் பிடிக்கும் 13 மில்லிமீட்டர் சக், சுழலும்போதே தட்டித் துளைக்கும் ஹேமர் வசதி. சார்ஜ் தீருமே என்ற கவலையும் இல்லை. மோட்டாருக்குள் கரண்டைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்தால் தீப்பொறி கூடும், கருகல் வாசம் வரும். புதிதாக மாற்றினால் மறுபடி ஓடும். ஆனால் ஆடிக் காற்றில் மரம் சாய்ந்து லைன் அறுந்தால் அது சும்மா கிடக்கும். அப்புறம் ஈரம். ஒரு மழைநாளில் பிளக் அருகே ஒயரின் உறை பிளந்திருந்ததைக் கவனிக்கவில்லை. கை வைத்ததும் முழங்கை வரை சுளீரென்று இழுத்தது. அந்த வாரமே, கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மாட்டினேன். மலையில் பட்டறை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மரவேலைக்கு 18 வோல்ட் பேட்டரி டிரில் அருமை. சில்வர் ஓக் பலகையில் ஸ்குரூ முடுக்கும்போது முடுக்கும் விசையைக் கட்டுப்படுத்தும் கிளட்ச் வளையத்தைக் குறைத்து வைத்தால், தலை உள்ளே புதையும் முன்பே 'டக் டக்' என்று நின்றுவிடும். பேட்டரிதான் பாடு. இதில் இருக்கும் லித்தியம் அயான் பேட்டரியை 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சார்ஜ் போட்டால் செல் கெடும். உறைபனி விழும் தை மாதத்தில் நான் பேட்டரியைச் சமையலறைக்குக் கொண்டுவந்துவிடுவேன்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், நம் ஊர்ச் சுவர்களுக்கு ஒயர் டிரில்.