டி அண்ட் டி ரூல்புக்குகள்: போட்ட காசுக்கு எது கட்டுப்படியானது?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) என்பது நண்பர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டிக் கதை ஆடும் ஆட்டம். அதன் ஐந்தாம் பதிப்பின் மூன்று அடிப்படை விதிப் புத்தகங்கள் 2014இல் வெளிவந்தன. ஆட்டக்காரர்களுக்கு பிளேயர்ஸ் ஹேண்ட்புக், அரக்கர்களுக்கு மான்ஸ்டர் மேனுவல், ஆட்டத்தை நடத்துபவருக்கு டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு. அப்போது ஒவ்வொன்றின் விலையும் 49.95 டாலர். மூன்றும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 150 டாலர். ரூபாய்க்கு மாற்றி, அனுப்பும் செலவையும் ஏற்றிப் பார்த்தால் யாருக்கும் கை தயங்கத்தான் செய்யும். எங்கள் குழு இந்த மூன்றை வைத்துத்தான் வருடக்கணக்காக ஆடிக்கொண்டிருக்கிறது. நான் டிஎம் (டன்ஜன் மாஸ்டர்), அதாவது ஆட்டத்தை நடத்துபவர். எந்தப் புத்தகம் உழைத்தது, எது அலமாரியில் தூங்கியது என்று இப்போது தயங்காமல் சொல்ல முடியும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆடிப் பார்க்காமல் மூன்றையும் வாங்காதீர்கள். பேசிக் ரூல்ஸ் என்ற இலவச பிடிஎஃப் இருக்கிறது. மனிதர், எல்ஃப், ட்வார்ஃப், ஹாஃப்லிங் என்று நான்கு இனங்கள். ஃபைட்டர், கிளெரிக், ரோக், விசார்ட் என்று நான்கு வகுப்புகள், அதாவது பாத்திரத்தின் தொழில்கள். சில மாதங்கள் ஆட இது தாராளம். அதற்கு மேல் வேண்டுமென்றால் எஸ்ஆர்டி 5.1 என்ற இலவச விதித் தொகுப்பு இருக்கிறது. உரிமம் பற்றிய பெரிய சர்ச்சைக்குப் பிறகு, 2023 ஜனவரியில் அதை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டார்கள். மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு யாரும் அதை எடுத்தாளலாம், மொழிபெயர்க்கலாம், அச்சிட்டுக் கொடுக்கலாம். சண்டை விதிகளையும் மயக்கம், முடக்கம், குருடு போன்ற நிலைகளையும் நாங்கள் தமிழில் எழுதி நாலு தாளில் அச்சடித்து வைத்திருக்கிறோம். புதிதாக வருபவர் கையில் முதலில் கொடுப்பது அந்தத் தாள்களைத்தான். ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்து மிரண்டவர்கள்கூட அரை மணி நேரத்தில் பகடையை உருட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள்.

இலவசமாகக் கிடைப்பதில் என்ன இல்லை? எஸ்ஆர்டியில் பன்னிரண்டு வகுப்புகளும் உண்டு, ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு உட்பிரிவு. ஃபீட் எனும் சிறப்புத் திறன் ஒன்றுதான், பாத்திரத்தின் முன்கதையைச் சொல்லும் பின்னணியும் ஒன்றுதான். கண்களால் சுடும் பிஹோல்டர் மாதிரியான இந்த ஆட்டத்தின் அடையாள அரக்கர்களின் எண்கள் அதில் கிடையாது. நாம் காசு கொடுத்து வாங்குவது இவற்றையும், ஓவியங்களையும், அரக்கர்கள் பற்றிய கதைக் குறிப்புகளையும்தான். இந்தக் கணக்கு தெரிந்துவிட்டால் எதை எப்போது வாங்குவது என்பது சுலபம்.

என் அனுபவத்தில் அதிகம் உழைத்தது மான்ஸ்டர் மேனுவல். பெரும்பாலானவர்கள் அதை அகராதி மாதிரிதான் பயன்படுத்துகிறார்கள்: அரக்கன் வரும்போது பக்கத்தைத் திறப்பது, எண்களைப் பார்ப்பது, மூடிவிடுவது. அப்படிப் பயன்படுத்தினால் அதில் பாதிதான் கிடைக்கும். 166ஆம் பக்கத்தில் இருக்கும் கோப்ளின் என்ற குட்டி அரக்கனையே எடுத்துக்கொள்வோம். கவச எண் (அடி படுவதற்குப் பகடையில் எட்டவேண்டிய எண்) 15, உயிர்ப்புள்ளி (தாங்கும் சேதம்) 7. ஒரு நல்ல அடி விழுந்தால் முடிந்தது. அதனால் பல டிஎம்கள் ஆறேழு கோப்ளின்களை வரிசையாக நிறுத்தி வெட்டு வாங்க வைத்துவிட்டு, இது சப்பையான எதிரி என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் அதன் எண்கள் இருக்கும் கட்டத்துக்குள் நிம்பிள் எஸ்கேப் என்று ஒரு வரி இருக்கிறது. கோப்ளின் தன் முறையில் தாக்கிவிட்டு, அதே முறையிலேயே ஒளிந்துகொள்ளலாம், அல்லது எதிராளி பக்கத்தில் இருந்தாலும் அடிபடாமல் நழுவலாம். கையில் இருக்கும் சிறு வில் 80 அடிவரை தடையில்லாமல் பாயும். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு புதரிலிருந்து அம்பு வருகிறது, உடனே சத்தமில்லை. அடுத்த சுற்றில் வேறொரு பாறைக்குப் பின்னாலிருந்து இன்னொரு அம்பு. எங்கள் ஆட்டக்காரர்கள் நிலை (லெவல்) ஏறிப் பலசாலிகளான பிறகும், கோப்ளின் நடமாடும் காட்டுவழி என்றால் சுற்றிப் போகலாமா என்று கூடிப் பேசினார்கள். புதிதாக ஒரு புத்தகமும் வாங்காமல், இருக்கிற புத்தகத்தின் ஒரு வரியை ஒழுங்காகப் படித்ததில் கிடைத்தது இது.

இன்னொரு வழி, எண்களை அப்படியே வைத்துக்கொண்டு உருவத்தை மாற்றுவது. எங்கள் கதை ஒரு கற்பனைத் தமிழ்க் கிராமத்தில் நடக்கிறது. ஊர் எல்லையில் ஐயனார் கோயில், அதன் முன்னால் மண்குதிரைகள். ஒரு நாள் அந்தக் குதிரைகளில் ஒன்று உயிர்பெற வேண்டியிருந்தது. போர்க்குதிரையின் எண்களை எடுத்தேன்: உயிர்ப்புள்ளி 19; நேராக 20 அடி ஓடிவந்து குளம்பால் அடித்தால், எதிராளி பலத்தைச் சோதித்து 14ஐ எட்டவேண்டும், தவறினால் தரையில் விழுந்து இன்னொரு மிதியும் வாங்குவான். அதோடு கார்காயில் என்ற கல் அரக்கனிடமிருந்து ஒரே ஒரு குணத்தைக் கடன் வாங்கினேன்: அசையாமல் நிற்கும்வரை சிலைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. தயாரிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கோயிலில் பதினொரு குதிரைகள் நிற்கின்றன, எது நகரும் என்று தெரியாது. அன்றைக்கு எல்லோரும் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். 350 பக்கப் புத்தகத்தை இப்படி ஒட்டியும் வெட்டியும் பயன்படுத்த ஆரம்பித்தால் அது எத்தனை வருடம் போனாலும் தீராது.

பிளேயர்ஸ் ஹேண்ட்புக் எல்லோரும் முதலில் வாங்குவது. வாங்கத்தான் வேண்டும், ஆனால் மேசைக்கு ஒன்று போதும். அதில் கிழியும் அளவுக்குப் புரட்டப்படுவது 11ஆம் அத்தியாயம், அதாவது மந்திரங்கள். மந்திரம் போடுபவர் மூன்று பேர் இருந்தால் ஒரே புத்தகம் மூன்று கைக்கும் போய்வந்து ஆட்டம் நின்றுவிடும். அவரவர் மந்திரங்களை அவரவர் நோட்டில் கையால் எழுதிக்கொள்ளச் சொன்னேன். பயர்பால் என்றால் 150 அடி தூரம், 20 அடி ஆரம், சேதத்துக்கு எட்டு ஆறுமுகப் பகடை, அவ்வளவுதான். எழுதும்போதே விதி மனதில் பதிந்துவிடுகிறது, தங்கள் மந்திரத்தை வேறு விதமாகவும் பயன்படுத்தலாமே என்ற யோசனையும் அப்போதுதான் வருகிறது.

இந்தப் புத்தகத்தில் எனக்கு இருக்கும் பெரிய குறை, விதிகள் சிதறிக் கிடப்பது. ஒளிந்துகொள்வதற்கான விதி 7ஆம் அத்தியாயத்தில், எதிராளியைக் கட்டிப்பிடிப்பது 9இல், அதனால் வரும் நிலையின் விளக்கம் பின்னிணைப்பில். பொருளடைவின் எழுத்தோ மிகப் பொடி. ஓரத்தில் வண்ணச்சீட்டு ஒட்டிய பிறகுதான் எங்களுக்கு நிம்மதி.

டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடை மட்டும் கடைசியாக வாங்குங்கள். நல்ல புத்தகம்தான், ஆனால் ஆட்டம் நடத்திப் பழகியவருக்குத்தான் அது பேச ஆரம்பிக்கும். மந்திரப் பொருட்களின் அத்தியாயத்தை விட்டால், நான் மேசையில் திறப்பது பெரும்பாலும் இரண்டு பக்கங்களைத்தான். 238இல் சிரம எண்கள், அதாவது ஒரு செயல் பலிக்கப் பகடையில் எட்டவேண்டியவை: சுலபம் 10, நடுத்தரம் 15, கடினம் 20. 249இல் திடீர்ச் சேதங்களின் பட்டியல்: புத்தக அலமாரி மேலே சரிந்தால் ஒரு பத்துமுகப் பகடை, மின்னல் தாக்கினால் இரண்டு, இடிந்து விழும் சுரங்கத்தில் மாட்டினால் நான்கு. இந்த இரண்டும் கையில் இருந்தால் ஆட்டக்காரர்கள் என்ன செய்தாலும் உடனே பதில் சொல்லலாம். வீட்டில் உட்கார்ந்து உலகம் அமைப்பவர்களுக்கு மற்ற அத்தியாயங்களும் பயன்படும், சரி. ஆனால் அது முதல் வருடத்து வேலை இல்லை.

அதற்குப் பதிலாக ஆரம்பத்தில் ஸ்டார்ட்டர் செட் வாங்கலாம். 2014இல் வந்தபோது அந்தப் பெட்டியின் விலை 20 டாலருக்கும் குறைவு. பகடைகள், தயாராக எழுதிய ஐந்து பாத்திரங்கள், ஃபேண்டெல்வர் சுரங்கத்தைத் தேடிப் போகும் ஒரு முழுச் சாகசம். முதல் நிலையிலிருந்து ஐந்தாம் நிலை வரை அது கொண்டுபோகும். நிதானமாக ஆடினால் பல மாதம். விலையையும் ஆடிய நேரத்தையும் வைத்துப் பார்த்தால் என்னிடம் இருப்பதில் இதற்குத்தான் முதலிடம்.

கூடுதல் புத்தகங்கள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குழுவில் யாராவது ஒருவர் “இந்த உட்பிரிவை நான் ஆட வேண்டும்” என்று குறிப்பாகக் கேட்டால் வாங்குங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

2024 செப்டம்பரில் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கின் திருத்திய வடிவம் 384 பக்கத்தில் வந்தது. மற்ற இரண்டும் அடுத்தடுத்து வந்துவிட்டன. பழையதைத் தூக்கிப் போட வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். தேவையில்லை, பழைய விதியில் ஆடும் மேசையை யாரும் வந்து தடுக்கப்போவதில்லை. ஆனால் புதிய ஹேண்ட்புக்கின் பின்னால் விதிகளையெல்லாம் அகர வரிசையில் ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறார்கள். மேலே நான் சொன்ன குறைக்கு அது நேரடியான மருந்து. இப்போது ஓடும் கேம்பெயின் (தொடர்கதை ஆட்டம்) முடிந்ததும் ஐந்து பேரும் பங்கு போட்டு அந்த ஒரு புத்தகத்தை மட்டும் வாங்குவதாகப் பேசியிருக்கிறோம். மான்ஸ்டர் மேனுவல் பழையதே இருக்கட்டும், அதில் நான் இன்னும் பயன்படுத்தாத அரக்கர்கள் பாதிக்கு மேல் இருக்கிறார்கள்.